சம்பளமில்லாத தோட்டக்காரன்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு பாத்தி மண்ணுக்கும் சரித்திரம் உண்டு என்பதை நான் கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலப் பாதிரியாரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

1720-ல் பிறந்த அவர், இங்கிலாந்தின் தெற்கே ஸெல்போர்ன் என்ற கிராமத்தில் வாழ்ந்தவர். அந்த ஊரின் வண்டிப்பாதைக்கு ஒரு புறம் கைபட்டால் உதிரும் கறுப்பு மண். மறுபுறம் சுத்தக் களிமண். அதைப் பதத்துக்குக் கொண்டுவரப் பல வருஷ உழைப்பு வேண்டும் என்கிறார் ஒயிட். அவர் வீடு இருந்ததோ களிமண் பக்கத்தில்!

களிமண்ணுக்கு வீம்பு அதிகம். ஈரத்தில் மிதித்தால் இறுகிப் போகும், காய்ந்தால் செங்கல்தான். ஆகையால் அந்தத் தேசத்தில் பனிக்காலத்துக்கு முன்பே கொத்திக் கட்டி கட்டியாகப் போட்டுவிடுவார்கள். கட்டிக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து அதை உடைக்கும். மார்ச் மாதம், வசந்தத்தின் தொடக்கத்தில், மக்கிய எருவைக் கலந்து பாத்தி கட்டுவார்கள். 1751 முதல் ஒயிட் எழுதிய தோட்டக் குறிப்புகளில் எரு வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது.

இவ்வளவு பாடுபட்ட ஜனங்களுக்கு மண்புழுவைக் கண்டால் மட்டும் ஆகாது. பாதையை அசிங்கப்படுத்துகிறது என்று தோட்டக்காரர்களும், இளம்பயிரைத் தின்கிறது என்று குடியானவர்களும் அதைச் சபித்தார்கள். ஒயிட் 1777-ல் எழுதிய ஒரு கடிதத்தில் அதற்காக வக்காலத்து வாங்கினார். மண்ணைத் துளைத்து, மழைநீருக்கும் வேருக்கும் வழி விடுவது அதுதான். அது இல்லையேல் பூமி குளிர்ந்து இறுகி மலடாகும் என்றார். அடிக்கடி வெள்ளம் தேங்கும் நிலம் சாரமற்றுப் போவதற்குப் புழுக்கள் மூழ்கிச் சாவதே காரணமாக இருக்கலாம் என்றும் ஊகித்தார்.

அந்த வழக்குக்குத் தீர்ப்பு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சிறு வயதில் ஒயிட்டின் புத்தகத்தைப் படித்து ரஸித்த சார்லஸ் டார்வின், 1842-ல் தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார், 29 வருஷம்! 1871-ல் குழி தோண்டிப் பார்த்தபோது சுண்ணாம்புக் கல் ஏழு அங்குலம் கீழே இருந்தது. மேலே இருந்தது புழுக்கள் கொண்டுவந்து சேர்த்த மிருதுவான மண். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு வருஷம் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்றின் வழியே போய் வருகிறது என்று கணக்கிட்டார். 1881-ல் அதைப் புத்தகமாக்கினார். அதுவே அவருடைய கடைசிப் புத்தகம். அடுத்த வருஷம் காலமானார்.

உலகத்தையே கலக்கிய மனிதர் தம் கடைசிப் புத்தகத்தை ஒரு புழுவுக்காக எழுதினார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கொத்தியவன் கூலி வாங்கிக்கொண்டான். தோட்டத்தின் எஜமான் பெயர் வாங்கிக்கொண்டார். இரவு முழுவதும் உழைத்த மூன்றாவது ஆளுக்குக் கிடைத்தது வசவு மட்டுமே.

அடுத்த முறை நீங்கள் பாத்தி கட்டும்போது மண்வெட்டியில் ஒரு மண்புழு வந்தால், அதை மெள்ள எடுத்து ஈர மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அதன் வேலை இன்னும் முடியவில்லை.