ஏறுநெற்றி: சில வரலாற்றுக் குறிப்புகள்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். முழு முகம் இல்லை, நெற்றி மட்டும். கீழே ஒரு வரி: "மாமா, இது ஏறுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

அவனுக்கு 22 வயது. ஏறத்தாழ அதே வயதில் என்னிடம் இதைச் சொன்னவர் எங்கள் தெரு சலூன் அண்ணன். "தம்பி, ரெண்டு ஓரமும் லேசா ஏறுது, பாத்துக்கங்க" என்றார். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, ஊறவைத்த வெந்தயம், அப்புறம் விளம்பரத்தில் வந்த ஒரு விலை உயர்ந்த தைலம். ஏழு வருடம் இப்படியே போனது. இப்போது என் தலையைப் பார்த்து ஏறுதா என்று யாரும் கேட்பதில்லை. ஏறுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அவனுக்கு ஒரு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை. இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். வெங்காயச் சாறு தேய்த்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. எகிப்தில் கிடைத்த எபர்ஸ் பாப்பிரஸ் ஏறத்தாழ கி.மு. 1550-ஐச் சேர்ந்த மருத்துவச் சுருள். அதிலேயே வழுக்கைக்கு மருந்து இருக்கிறது: சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, காட்டு ஆடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் தடவ வேண்டும். ரோமில் ஜூலியஸ் சீசர் பின்னந்தலை முடியை முன்னால் இழுத்துச் சீவுவாராம். செனட் கொடுத்த மரியாதைகளிலேயே எப்போதும் இலைமாலை சூடிக்கொள்ளும் உரிமைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது என்று சுயடோனியஸ் எழுதுகிறார். உலகத்தையே பிடித்தவருக்கும் உச்சந்தலையை மறைக்க ஒரு இலை தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய காலத்திலேயே ஒருவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள சூத்திரங்களில் ஒன்று, விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் கவனிப்பு சரி. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக ஏறத்தாழ 2300 வருடம் ஆனது.

1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். விரை நீக்கப்பட்டவர்கள், பருவ வளர்ச்சி முழுமையாக நடக்காதவர்கள் என 104 ஆண்களை அவர் ஆராய்ந்திருந்தார். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. மற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரை மட்டும் போதாது. இரண்டும் சேர வேண்டும், கூடவே வயதும் ஏற வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அந்த 104 பேரும் தாங்களாக விரும்பி அந்த நிலைக்கு வந்தவர்கள் அல்ல. இன்று சலூன் கண்ணாடி முன்னால் நாம் கேட்கும் கேள்விக்கு அவர்கள் உடம்பிலிருந்துதான் பதில் வந்தது.

ஹாமில்டன் அதோடு நிற்கவில்லை. 1951-இல் ஆண்களின் முடி எந்தெந்த வடிவத்தில் பின்வாங்குகிறது என்று வகைப்படுத்தினார். அதை 1975-இல் ஓ'டார் நார்வுட் திருத்தி ஏழு நிலைகளாக அமைத்தார். இன்றும் தோல் டாக்டர்கள் நம் தலையைப் பார்த்து ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று சொல்வது அந்தக் கணக்குதான். ஹாமில்டனின் பிந்தைய ஆய்வில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வழுக்கை ஆரம்பித்த பிறகு விரை நீக்கப்பட்டவர்களுக்கு அது மேற்கொண்டு பரவுவது நின்றது. ஆனால் போன முடி திரும்பவில்லை. நிறுத்த முடியும், திருப்புவது கஷ்டம். எனக்கு 22 வயதில் யாராவது சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

சரி, மருந்துகள் எப்படி வந்தன? இரண்டுமே வேறு எதையோ தேடும்போது கிடைத்தவை.

மினாக்ஸிடில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் அப்ஜான் நிறுவனத்திலிருந்து வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சிட்சி அதைச் சோதித்தபோது நோயாளிகளுக்கு எதிர்பாராத இடங்களில் முடி வளர்ந்தது. அவர் தோல் மருத்துவர் குந்தர் கானிடம் கேட்க, பக்கவிளைவே மருந்தாக மாறும் கதை ஆரம்பித்தது. அமெரிக்காவில் மாத்திரை 1979-இல் அழுத்தத்துக்காக அனுமதி பெற்றது. தலையில் தடவும் 2 சதவீதக் கரைசல் 1988-இல் அனுமதி பெற்றது.

இரண்டாவது கதை டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் நடந்தது. அங்கே சில குழந்தைகள் பெண் என்று கருதி வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆண் உடலாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லி குழுவினர் 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது, நெற்றியும் ஏறவில்லை. மெர்க் நிறுவனம் அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடை உருவாக்கியது. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி. மாத்திரை வந்தது. 1997-இல் வழுக்கைக்கு 1 மி.கி. வந்தது.

18 முதல் 41 வயது வரையுள்ள 1553 ஆண்களிடம் அதைச் சோதித்தார்கள். இரண்டு வருட முடிவில், மருந்து சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சந்தலை முடியின் எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 சதவீதம்தான். பாலுறவு சார்ந்த பக்கவிளைவு சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 2.1 சதவீதம். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கை பிற்பாடு சேர்ந்தது. இதை மறைத்துவிட்டு மருந்தைப் புகழ்வதும் தப்பு, இதையே பூதமாக்கிப் பயமுறுத்துவதும் தப்பு. டாக்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இப்போது மருமகன் கேள்விக்கு வருகிறேன். ஏறுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாம் எல்லோரும் சீப்பையும் தலையணையையும் பார்க்கிறோம். அது அவ்வளவு நம்பகமான இடம் இல்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. டைபாய்டு, டெங்கு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயமாக இருந்தாலும் அது பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். வட்டமாக, வழவழப்பாக ஒரு இடத்தில் மட்டும் போனால் அது புழுவெட்டு, அதன் வைத்தியம் வேறு.

ஆண் வழுக்கை சத்தமில்லாமல் வரும். அங்கே முடி விழுவதை விட இளைப்பதுதான் பிரச்சினை. டி.எச்.டி.யால் மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். அடுத்து முளைக்கும் முடி முன்னதை விட மெலிசாகவும் குட்டையாகவும் இருக்கும். கடைசியில் பூனை முடிதான் மிஞ்சும். ஆகவே பார்க்க வேண்டியது நெற்றியின் இரண்டு ஓரங்களையும் உச்சிச் சுழியையும். அங்கே முடி பின்னந்தலை முடியை விட மெலிந்திருக்கிறதா? குட்டை முடிகள் அதிகமாகிவிட்டனவா? ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் கண்ணாடி சொல்லாததைப் படம் சொல்லும். பதின்வயது முடியும்போது முன்முடி எல்லை கொஞ்சம் மேலே போவது பலருக்கும் இயல்பு. அங்கேயே நின்றால் கவலை இல்லை, மேலும் நகர்ந்தால் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு சின்ன லென்ஸ் கருவியை வைத்துப் பார்த்தாலே முடியின் தடிமன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மருந்து ஆரம்பித்தாலும் பொறுமை வேண்டும். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடலாம். பலர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் சில மாதங்களில் போய்விடும்.

படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வந்த இடம் ஒன்று உண்டு. இந்திய மருந்து விதிகள், 1945-இல் 'ஜே' என்று ஒரு அட்டவணை இருக்கிறது. இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புதிய முடி வளர்ப்பதும் இருக்கிறது. அந்தத் தைலத்துக்கு நான் காசு கொடுத்தபோது இப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்குத் தெரியாது. காசு போனது கூடப் பரவாயில்லை. போன ஏழு வருடம்தான் அந்த வைத்தியத்தின் உண்மையான விலை.

இவ்வளவையும் சுருக்கி மருமகனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். போன வாரம் டாக்டரிடம் போய் வந்திருக்கிறான். ஸ்டேஜ் 2, இப்போதைக்கு மினாக்ஸிடில் மட்டும், மாத்திரை பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றாராம். "மாமா, ஒருவேளை எல்லாத்தையும் மீறிப் போயிடுச்சுன்னா?" என்று கேட்டான்.

"போனா போகட்டும்டா. எனக்குப் போகலையா? ஆனா ஏமாந்து போகக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.