பிறன்

‘பிற’ என்னும் அடியிலிருந்து தோன்றித் தானல்லாத ஒருவனைச் சுட்டும் ‘பிறன்’ என்ற சொல், குறளிலே பிறன்மனை, பிறன்பொருள் என்று, நாம் கவரலாகாதவற்றிற்கு உரியவனையே பெரும்பாலும் குறித்து நின்றது. தமிழ் வேதாகமமோ, பத்துக் கட்டளைகளில் அந்த விலக்கை அப்படியே வைத்து, அன்பின் இரண்டாம் கற்பனையிலும் அதே சொல்லை அமைத்தது. அயலான் என்றால் அடுத்த வீட்டோடு நின்றுவிடக்கூடிய கடமை, பிறன் என்றதும் ஜாதியையும் ஊரையும் கடந்து விரிகிறதென்பது என் துணிபு. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ இல்லங்களில், உலைக்கு அளந்த அரிசியிலிருந்து தாய்மார் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை அப்பிறனுக்குரிய பங்கேயாகும். 1830-இல் அச்சீமையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தர்ம சங்கமும், விசுவாசத்தின் நிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைத்துக் கொடுத்தது.