எதுகையின் மேல் எழுந்த வழக்கு

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை உழவர் எவரும் மறப்பதில்லை. ஆடி, தேடி என இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல் அதனை நினைவில் நிறுத்துகின்றது. இதனை எதுகை என்பர். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்னுமிடத்து, ஆகாரமும் அகரமும் சொற்களின் முதலில் நின்று இயைகின்றன, இது மோனை. ஏடும் எழுத்தாணியும் பரவுமுன், செவிவழி வந்த சொல்லைச் சிதையாமற் காத்தற்கு இவ்வோசை ஒப்புமை பெரிதும் துணைநின்றிருத்தல் வேண்டும்.

வடமொழியாளர் இத்தகைய ஒப்புமையை அனுப்பிராசம் எனப் பெயரிட்டு அணிகளுள் வைத்தனர். தொல்காப்பியரோ மோனையையும் எதுகையையும் 'தொடை' என்று கூறிச் செய்யுளின் உறுப்பாகவே கொண்டார். மலைநாடும் இத்தொடையைப் போற்றியது. 14-ஆம் நூற்றாண்டினதாகிய லீலாதிலகம், 'பாட்டு' என்னும் இலக்கிய வகைக்கு எதுகையும் மோனையும் வேண்டும் என விதிக்கின்றது. சூத்திரம் வடமொழியில் அமைந்திருப்பினும், அவ்விரு பெயர்களும் தமிழ்ப் பெயர்களாகவே அதனுள் நிற்கின்றன.

பிற்காலத்தில் எதுகை 'துவிதீயாட்சரப் பிராசம்' என்னும் பெயருடன் மலையாளக் கவிதையில் வேரூன்றியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் மேல் ஒரு வழக்கு எழுந்தது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கேரளவர்ம வலிய கோயித்தம்புரான் (1845-1914) எதுகையை வற்புறுத்தினார். தம் மயூரசந்தேசத்தில் அதனைக் கையாண்டும் காட்டினார். எதிர்நின்றவர் அவருக்கு மருமகன் முறையினரும் மாணவருமாகிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா (1863-1918). இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய அப்பேரறிஞர், எதுகையைத் தேடிப் பொருளை இழத்தல் தகாது என்றார். எதுகையை விடுத்து மலயவிலாசம் பாடினார். பின்னர், கே. சி. கேசவபிள்ளை கேசவீயத்தை எதுகையின்றி இயற்ற, உள்ளூர் பரமேசுவர ஐயர் உமாகேரளத்தை எதுகையோடு இயற்றினார். ஒரு தலைமுறைக் கவிஞர் இவ்வாறு இரு அணியாயினர்.

இவ்வழக்கிற்குத் தீர்ப்பு யாது? தொல்காப்பியத்திலேயே அதனைக் காண்கின்றோம். மோனை, எதுகை முதலியவற்றை வகுத்த அந்நூல், அவை அமையாது வரும் செய்யுளையும் தள்ளவில்லை; அதற்குச் 'செந்தொடை' எனப் பெயர் தந்து ஏற்றுக்கொண்டது. செம்மை என்னும் அடைமொழியைப் பெற்றது ஓசை ஒப்புமை இல்லாத தொடையே என்பதை நாம் கருதல் வேண்டும். சங்கப் பாடல்களிலும் அடிதோறும் எதுகை அமைந்தனவும், அதனை நாடாது நடப்பனவும் உள.

மாமனும் மருமகனும் வழக்காடிய இரு பக்கத்திற்கும் பழைய தமிழிலக்கணம் முன்னரே இடம் வகுத்திருந்தது. எதுகை தானே வந்தால் வரவேற்போம். அதன்பொருட்டுக் கருத்துக்கு ஒவ்வாத ஒரு சொல்லைத் திணிக்க நேரின், செந்தொடையை நினைவோம்.