எஞ்சினை மூட்டும் முன்பே கணக்கில் ஓட்டிப் பார்த்த கதை

1937 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் எஞ்சினை முதன்முறையாக இயக்கினார். எரிபொருள் வால்வை அடைத்தும் அது நிற்கவில்லை. வேகம் ஏறிக்கிட்டே போச்சு. பக்கத்தில் நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். கசிந்து உள்ளே தேங்கிய எரிபொருள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. எஞ்சின் எப்படி ஓடும் என்று அறிய, அன்று அதைச் செய்து மூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

முதலிலேயே கணக்குப் போடலாமே என்று கேட்பீங்க. விட்டிலும் போட்டார். ஆனால் சிக்கலைப் பாருங்க: கம்ப்ரசரைச் சுற்றுவது டர்பைன்; அந்த டர்பைனுக்குக் காற்றை அழுத்தித் தருவதோ கம்ப்ரசர். ஒன்றின் விடை தெரியாமல் மற்றதைத் தொடங்க முடியாது. இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் வேகமும் ஒன்றே. டர்பைன் தரும் திறனும் கம்ப்ரசர் கேட்கும் திறனும் சமமாக வேண்டும். உள்ளே போன காற்றுக்கும் எரிபொருளுக்கும் கணக்கு நேராக வேண்டும். வடிவமைத்த ஒரு நிலைக்குக் கையால் போடலாம். உயரமும் வேகமும் மாறும் ஒவ்வொரு நிலைக்கும் போட்டால் விடிஞ்சிடும்.

இங்கேதான் கணினி கைகொடுத்தது. அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் 1967இல் 'ஸ்மோட்' என்ற நிரல் வந்தது. அதன் வழியில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 1972இல் 'ஜெனெங்' நிரலை வெளியிட்டது. வழி எளிது: முதலில் ஓர் ஊகம், பிறகு எங்கே சமமாகவில்லை என்று பார்ப்பது, பிழை மறையும்வரை திருத்துவது. கணிதப் பாடத்தில் நியூட்டன்-ராப்சன் முறை படித்த மாணவர்களே, நீங்க தேர்வுக்குப் போடும் அதே கணக்குதான்! 1975இல் வந்த 'டைன்ஜென்' இன்னும் ஒரு படி மேலே போய், விமானி எரிபொருளைக் கூட்டினால் அடுத்தடுத்த நொடிகளில் எஞ்சின் எப்படி மாறும் என்பதையும் காட்டியது.

ஒன்றை மட்டும் மறந்துடாதீங்க. கம்ப்ரசரின் குணத்தை இந்த நிரல்கள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. சோதனையில் அளந்து வரைந்த வரைபடத்தை நாம்தான் ஊட்டணும். புது எஞ்சினுக்கு அது இல்லாதபோது, பழைய கம்ப்ரசரின் வரைபடத்தை அளவு மாற்றிப் போடுவார்கள். வரைபடம் பொருந்தாவிட்டாலும் விடை என்னவோ அழகாகத்தான் வரும்.

தவிர, இந்தக் கணக்குக்குள் அடங்காதவையும் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினுக்குக் கார்பன் இழை விசிறி செய்தது. எடை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது எண்ணம். 1970இல் பறவை மோதல் சோதனையில் அந்த இதழ்கள் உடைந்தன. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு கைமீறி, 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனமே நொடித்துப்போய் அரசு கையில் எடுத்தது.