1936 ஜூலை 30: எட்டு மணி நேர வேலைக்காக புதுச்சேரி கொடுத்த 12 உயிர்

1/
புதுச்சேரின்னா பலருக்கும் பீச்சும் பிரெஞ்சு பேர் வெச்ச தெருக்களும்தான் ஞாபகம் வரும். வரலாறு படிச்சவங்களுக்கு பாரதியார். 1908ல் பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாம இங்கே வந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தினார். அரவிந்தர், வ.வே.சு. ஐயர்னு பலருக்கும் அடைக்கலம் தந்த ஊர் இது.

2/
ஆனா அதே ஊர்ல, மில் தொழிலாளி சங்கம் வைக்க 1937 வரைக்கும் சட்டத்துல இடமில்லை. 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்'னு எழுதி வெச்ச பிரெஞ்சு ஆட்சியிலதாங்க இது.

3/
பிரான்ஸ்ல தொழிற்சங்கம் 1884லேயே சட்டபூர்வமாயிடுச்சு. பிரிட்டிஷ் இந்தியாவுலகூட 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தாச்சு. அதாவது பக்கத்துல இருக்கற கடலூர்ல சங்கத்தைப் பதிவு பண்ணலாம். எல்லையைத் தாண்டி புதுச்சேரிக்கு வந்தா முடியாது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பற ஊருக்கு இந்த நிலைமை!

4/
நகரத்துல அப்போ மூணு பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கப்ளே. பொழுது முழுக்க பஞ்சுத் தூசிக்குள்ளே வேலை.

மருத்துவரா ஒண்ணு சொல்லணும். பஞ்சுத் தூசியால நுரையீரலுக்கு வர்ற நோய்க்கு பிஸினோசிஸ்னு பேர். ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். ஆரம்பத்துல வாரத்துல ஒரு நாள் தொல்லை. வருஷங்கள் போகப் போக எல்லா நாளும். எத்தனை மணி நேரம் அந்தத் தூசியை இழுக்கறோம்ங்கறது கூலிக் கணக்கு மட்டும் இல்லை, நுரையீரல் கணக்கும்தான்.

5/
தொழிலாளர்களைத் திரட்டினவர் வ.சுப்பையா. 1936ல் அவருக்கு வயசு 25. 'சுதந்திரம்'னு பத்திரிகையும் நடத்தினார்.

அந்த ஜூன்ல பிரான்ஸ்ல தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோட விடுமுறையும் வாங்கிட்டாங்க. லியோன் பிளூம் தலைமையில இடதுசாரி ஆதரவு அரசு. அதே கொடி பறக்கற புதுச்சேரியில நாம கேட்டா என்ன தப்பு?

6/
கேட்டாங்க. மில்லை விட்டு வெளியே வராம உள்ளேயே உட்கார்ந்தாங்க.

1936 ஜூலை 30. சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளர்கள் செத்துப்போனாங்க.

பாரிஸ்ல பேச்சுவார்த்தையில முடிஞ்சது, இங்கே தோட்டாவுல முடிஞ்சது.

7/
ஆனா அதோட அடங்கிடலை. பாரிஸ் வரைக்கும் எதிரொலிச்சது. 1937 ஏப்ரல் 6ல் ஆணை வந்தது. சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் சட்டமாச்சு. ஆசியாவிலேயே முதல்னு புதுச்சேரிக்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்வாங்க. பிரிட்டிஷ் இந்தியாவுல வாரம் 48 மணி நேரம்னு ஆனதே 1946லதான்.

8/
இப்போ ஒரு நிமிஷம் அமெரிக்காவுக்குப் போவோம். கூடிப் பேசும் உரிமை அங்கே 1791லேயே அரசியல் சாசனத்துல ஏறிடுச்சு. ஆனா சங்கம் வைக்கறதைப் பாதுகாக்கற வாக்னர் சட்டம் வந்தது 1935ல். முதலாளிகள் அது செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. செல்லும்னு உச்ச நீதிமன்றம் சொன்ன தேதி 1937 ஏப்ரல் 12. நம்ம புதுச்சேரி ஆணைக்கு ஆறே நாள் கழிச்சு! அதுவும் 5-4 கணக்குல, நூலிழையில தப்பிச்சது.

தீர்ப்பு வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. மே 30ல் சிகாகோவுல உருக்காலைப் போராட்டக்காரங்க மேல போலீஸ் சுட்டு 10 பேர் இறந்தாங்க.

9/
இதுல இருந்து எனக்குப் புரியறது இதுதான். உரிமையை எழுதி வைக்கறது ஒரு வேலை. அது கடைசி மனுஷன் வரைக்கும் வந்து சேர்றது வேற வேலை. மருந்துச் சீட்டு எழுதிட்டா காய்ச்சல் இறங்கிடாதே! யாராவது மருந்தை வாங்கிட்டு வந்து கொடுக்கணும்.

10/
பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2023 ஏப்ரல் 21ல் தமிழ்நாடு சட்டப்பேரவையில 12 மணி நேர வேலைக்கு வழிவிடற மசோதா நிறைவேறுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும், மே தினத்தன்னிக்கு அது வாபஸ்னு முதல்வர் அறிவிச்சார்.

உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து சொன்ன கணக்கு: வாரம் 35-40 மணி நேரம் வேலை பார்க்கறவங்களோட ஒப்பிட்டா, 55 மணி நேரத்துக்கு மேல உழைக்கறவங்களுக்கு பக்கவாதம் வர்ற ஆபத்து 35% அதிகம். இதய நோயால சாகற ஆபத்து 17% அதிகம்.

11/
சங்கம் அமைக்கும் உரிமை இன்னிக்கு நம்ம அரசியல் சாசனத்துல 19(1)(இ) பிரிவு. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி சவானா மில் வாசலும் இருக்கு.

அந்த மூணு ஆலைகள்லயும் இப்போ தறிச் சத்தம் இல்லை. ரோடியர் மில், அதான் ஏ.எஃப்.டி, 2020ல் மூடியாச்சு. ஆனா ஒவ்வொரு ஜூலை 30க்கும் தியாகிகளுக்கு மாலை விழுது.

அடுத்த முறை புதுச்சேரி போனா, பீச்சுக்குப் போற வழியில அந்தப் பழைய மில் சுவரையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. எட்டு மணி நேரத்துல வேலை முடிச்சு வீட்டுக்குப் போற ஒவ்வொருத்தரும் அந்த 12 பேருக்குக் கடன்பட்டவங்கதான்.