லயத்தருகே ஒரு பள்ளிக்கூடம்
மலையகத் தோட்டப் பாடசாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் கல்வி வரலாறு எனும்போது நம் மனக்கண்முன் தோன்றுவன பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை என்பன பற்றி நூல்களும் ஆய்வுகளும் போதியளவு உள. ஆனால் தேயிலை மலைச்சரிவொன்றில், லயங்களின் கோடியில், தகரக் கூரையின்கீழ் ஓர் ஆசிரியரும் சில பத்துப் பிள்ளைகளுமாய் இயங்கிய பள்ளிக்கூடம் வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது. நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும் மக்கட் கூட்டத்திற்கு எழுத்தறிவு கிட்டிய ஒரே வாயில் அதுவாகும். அவ்வாயில் ஏன் அத்துணை ஒடுக்கமாக இருந்தது என்பதும், அவ்வொடுக்கத்தினுள்ளும் மக்கள் அதனை எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதும் இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

கோப்பிக் காலத்தில் தோட்டங்களிற் பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமிருக்கவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலே தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்து, பருவம் முடிந்ததும் மீள்வர். வந்தோருட் பெரும்பான்மையினர் ஆண்கள். 1869ஆம் ஆண்டளவிற் தலைகாட்டிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழிக்க, அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வணிக நோக்கிற் பயிரிட்ட தேயிலை மலைநாடெங்கும் பரவியது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து வளரும், ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். தோட்டப் பாடசாலை என்ற தேவையைத் தோற்றுவித்தது இம்மாற்றமே. ஆயின் அதே மாற்றம் பிள்ளைகளின் கைகளுக்கும் வேலை கொடுத்தது. கொழுந்து கிள்ளவும் புல் பிடுங்கவும் சிறு விரல்கள் உதவின. செக்றோலிற் சிறுவருக்கெனக் குறைந்த சம்பளத்தில் ஒரு தரம் இருந்தது. எனவே பள்ளிக்கூடமும் பிரட்டுக்களமும் தொடக்கம் முதலே ஒரே பிள்ளைக்காகப் போட்டியிட்டன. தோட்டக் கல்வியின் வரலாறு முழுவதிலும் இப்போட்டி ஊடாடி நிற்பதைக் காணலாம்.

முதன்முதலில் இத்துறையில் இறங்கியோர் மிஷனரிமார். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவுடன் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் உபதேசியார்களைத் தோட்டந்தோறும் அனுப்பியது. சில இடங்களிற் சிறு பள்ளிகளையும் நடத்தியது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து உதவிநன்கொடை முறை வந்தபின், பரீட்சைப் பேற்றுக்கேற்பப் பணம் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. எனினும் இம்முறையிற் தோட்டங்கள் பெரும் பயனடைந்தன என்று சொல்லுதற்கில்லை. வரவு ஒழுங்காக இருந்தாலன்றோ பரீட்சைப் பேறு கிட்டும்?

மிஷன் பள்ளிகளுக்கு அப்பால் வேறொரு வகைப் பள்ளியும் இருந்தது. பெரிய கங்காணியின் ஆதரவில், கோயில் முன்றிலிலோ லயக் காம்பராவிலோ நடைபெற்ற இப்பள்ளி, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நேர்வாரிசு எனலாம். மணலிலே விரலால் அரிச்சுவடி எழுதுதல், ஆத்திசூடி ஒப்புவித்தல், எண்சுவடி மனனம் செய்தல், மூத்த மாணவனொருவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தல் என்பன அதன் நடைமுறைகள். அரசாங்க அறிக்கைகள் இவற்றைப் பள்ளி என்றே எண்ணவில்லை. வித்தியாதரிசியின் அளவுகோலில் அவை அடங்கா என்பதுதான் காரணம். எழுத்தாவணங்களை மட்டும் நம்பி எழுதப்படும் கல்வி வரலாறு இவ்விடத்தில் வழுக்கி விழுகின்றது என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அரசாங்கம் இவ்விடயத்திற் தலையிட நேர்ந்தது. 1905இல் வேஸ் ஆணைக்குழு ஆரம்பக் கல்வி பற்றி ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து வந்த 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டமும் இதே அடிப்படையைத் தொடர்ந்தது. இச்சட்டங்களை முற்போக்கானவை எனப் பாராட்டுவோர் உண்டு. அவற்றின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். கல்வி இங்கே பிள்ளையின் உரிமையாகவோ அரசின் பொறுப்பாகவோ கொள்ளப்படவில்லை. லயம், தண்ணீர்ப் பீலி, மருந்துச் சாலை, பிள்ளைக் காம்பரா என்பவற்றோடு ஒன்றாகத் தோட்ட முகாமை பராமரிக்க வேண்டிய இன்னொரு பொருளாகவே அது வைக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளை அரசின் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளை துரையின் பிள்ளை. இப்பாகுபாடு சட்டத்திலே ஒருமுறை பதிந்தபின் அதனை அழிப்பதற்கு எழுபது ஆண்டுகள் சென்றன.

துரைமாரின் மனப்பாங்கு ஒரே சீரானதன்று. சிலர் பள்ளி நடத்துவதில் உண்மையான ஈடுபாடு காட்டினர். பெரும்பாலோர் அச்சமே கொண்டிருந்தனர். எழுத்தறிந்தவன் மண்வெட்டி பிடியான் என்பது அவர்கள் எண்ணம். சட்டத்தின் எழுத்து நிறைவேறினாற் போதுமென அமைந்தவர்களும் பலர். பள்ளிநேரம் வேலைநேரத்துக்கு வளைந்து கொடுத்தது. சில தோட்டங்களிற் பள்ளி அதிகாலையில் நடைபெற்றது. சிலவற்றிற் பிற்பகலில், கொழுந்து நிறுத்தபின் நடைபெற்றது. விடியுமுன் தப்பின் ஒலி கேட்டுப் பெற்றோருடன் எழுந்த பிள்ளை, மலையில் நின்று வந்த களைப்போடு சிலேட்டை எடுத்தால் என்ன பயிலும்? 1920களில் வந்த தொழிற் சட்டங்கள் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதலைத் தடைசெய்தமை பள்ளிக்கு ஓரளவு உதவிற்று. 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் நியமனம் பெற்றதும், அவருடைய ஆண்டறிக்கைகளில் தோட்டப் பள்ளிகளின் நிலை இடம்பெறத் தொடங்கியதும் இன்னொரு தூண்டுதல். அவற்றால் பள்ளிகளின் தொகை பெருகிற்று. ஆனால் பத்து வயது நிறைந்த அன்றே பிள்ளை பேர் பதியச் செல்லும் வழக்கம் நிற்கவில்லை.

இனி அப்பள்ளியின் உள்ளே சிறிது நுழைவோம். ஒரே அறை, இடையே சுவரில்லை. அரிவரி தொடக்கம் ஐந்தாம் வகுப்பு வரை, இருந்த வகுப்புகள் யாவும் ஒரே ஆசிரியரின் குரலுக்குள் அடங்கும். ஒரு வரிசை வாய்ப்பாடு சொல்ல, மறு வரிசை சொல்வதெழுத, மூன்றாவது வரிசை வாசிக்க, இவை எல்லாவற்றின் ஓசையும் ஒன்றாய் எழும். வயதில் மூத்த பெண்பிள்ளைகள் மடியிற் தம்பி தங்கையரோடு வந்து அமர்ந்தனர்; அதற்கும் வாய்ப்பில்லாதோர் வீட்டிலேயே நின்றனர். பிள்ளைக் காம்பரா சரிவர நடைபெறாத தோட்டங்களில் முதலிற் படிப்பை இழந்தவள் மூத்த மகளே. தோட்டப் பெண்களின் எழுத்தறிவு ஆண்களினதிலும் நெடுங்காலம் தாழ்ந்து கிடந்தமைக்கு இவ்வொரு காரணமே பெருமளவு விளக்கமளிக்கும்.

வாத்தியார் என்பவர் அச்சமூகத்திற் கற்பிப்பவர் மட்டுமல்லர். ஊருக்குக் கடிதம் எழுதுபவரும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவரும் அவரே. பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது, செக்றோலில் எத்தனை பேர் விழுந்துள்ளது என்று கேட்டு மாலையில் அவரை நாடி வருவோர் பலர். மாரியம்மன் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு அவர் கையில். மாசியில் காமன் கூத்து நடைபெறும்போது பாட்டுக் கொப்பியை வைத்துக்கொண்டு அடியெடுத்துக் கொடுக்க எழுத்தறிந்தவர் ஒருவர் வேண்டும். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலான பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் இராகத்தோடு வாசிக்க லயமே கூடியிருந்து கேட்பதும் வழக்கம். ஒருவர் கற்ற எழுத்து இவ்வாறு பலரின் செவிக்குப் பயன்பட்டது. கணக்கெடுப்புகளில் வரும் எழுத்தறிவு வீதம் இப்பயன்பாட்டைக் காட்டாது. 1924 முதல் கோ. நடேசய்யர் நடத்திய ‘தேசபக்தன்’ இதழும், அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலை பற்றிப் பாடிய பாட்டுகளும் எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடையே பரவியமை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக் கொள்ளத்தக்கது.

வாத்தியாரை முற்றாக மக்களின் மனிதர் எனச் சித்திரித்தலும் பொருந்தாது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்ட அலுவலகம்; அவரை நீக்கவும் அதனால் இயலும். பல தோட்டங்களில் அவர் கங்காணிமாரின் உறவினராகவோ அவர்களுக்குக் கட்டுப்பட்டவராகவோ இருந்தார். தொழிற்சங்கங்கள் பரவிய 1930களின் இறுதியிலும் 1940களிலும் இவர் நிலை இருதலைக்கொள்ளி எறும்பாயிற்று. அன்றியும் லயங்களே சாதிவாரியாகப் பகுக்கப்பட்டிருந்த சூழலிற் பள்ளியறை அப்பாகுபாட்டுக்கு முற்றிலும் புறம்பாக நின்றதென எண்ணுவதற்கில்லை. ஆயினும் எல்லா லயத்துப் பிள்ளைகளும் நாள்தோறும் ஒரே கூரையின்கீழ்க் கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதையும் மறுத்தலாகாது.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் இதனைப் பெரும் புரட்சியெனக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அவ்வாண்டு தோட்டப் பாடசாலையின் வாசலில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டங்களில் அரசாங்கப் பாடசாலைகளை அமைக்கவும், அதற்கு முகாமை நிலமும் கட்டடமும் ஆசிரியர் விடுதியும் வழங்கவும் வழிசெய்தது. துரைமார் தயங்கினர், அரசாங்கமும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமைக்குக் காரணம் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவரின் பிள்ளைக்குப் பள்ளி கட்ட எந்த அரசியல்வாதி முந்துவான்? கிராமத்துப் பாராளுமன்ற உறுப்பினர் தம் தொகுதியிற் திறந்துவைத்த மத்திய கல்லூரிக்கும், அதே மலையின் மறுபக்கத்துத் தகரக் கொட்டகைக்கும் இடையிலான வேறுபாட்டை வாக்குரிமை ஒன்றே பெரும்பாலும் விளக்கிவிடும்.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. வதிவிடத்தையும் வருமானத்தையும் பிறப்பையும் பத்திரங்களால் நிறுவ வேண்டியிருந்த அந்நாட்களில், எழுத்தறியாமை என்பது வெறும் குறைபாடாக இருக்கவில்லை. நாட்டையே இழப்பதற்கு வழியாயிற்று. பாடசாலைச் சேர்விடாப்பிற் பெயர் ஒருவிதமும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறுவிதமுமாய் எழுதப்பட்டிருத்தல் மலையகத்தில் இன்றும் காணக்கூடியதே.

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் மீண்டும் புறத்தே விடப்பட்டன. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வரெனத் தீர்மானிக்கப்பட்டமையால், போகப்போகிறவர்களுக்குப் பள்ளி எதற்கு என்ற எண்ணம் முகாமையிடமும் அதிகாரிகளிடமும் வேரூன்றியது. பள்ளி இடாப்புகளிற் பெயர்கள் வெட்டப்பட்டன. தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்களோடு வகுப்பின் ஒரு பகுதியே மறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிற் தோட்டங்களே மிகக் கொடிதாகத் தாக்குண்டன. பட்டினி கிடந்த பிள்ளைகள் கிழங்கு தேடிச் செல்லப் பள்ளிகள் வெறுமையாயின.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே பள்ளிகளை அரசு ஏற்கும் முயற்சி முனைப்புற்றது. 1970களின் பிற்பகுதியிற் படிப்படியாக நடைபெற்ற இப்பொறுப்பேற்பின்போது திணைக்களத்திற்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஓரறைக் கொட்டகைகளே. ஆயினும் விளைவு சிறியதன்று. ஆசிரியர் தோட்டத்தின் ஊழியராயிராமல் அரச சேவையாளரானார். 1980களில் மலையக இளைஞரும் யுவதியரும் கணிசமான தொகையில் ஆசிரிய நியமனம் பெற்றனர். 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஐந்தாம் வகுப்போடு முடிந்த பள்ளிகள் சில மேல்வகுப்புகளைக் கண்டன. அட்டனுக்கோ பதுளைக்கோ அனுப்ப வசதியற்ற பெற்றோரின் பிள்ளைகளும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினர். இவையாவும் நடைபெற்ற காலம் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இந்தியாவுக்கும் சிதறிய காலம் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் நம் கண்முன்னேயே அழிகின்றன. துரைமாரின் கடிதங்களும் திணைக்கள அறிக்கைகளும் சுவடிக்கூடங்களிற் பாதுகாப்பாக உள்ளன. வாத்தியாரின் கையெழுத்தில் அமைந்த சேர்விடாப்புகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் அவ்வாறில்லை. புதிய கட்டடத்துக்கு மாறும்போது பழைய அலுமாரியோடு கைவிடப்பட்டுக் கறையானுக்கு இரையாகின்றன. பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர், லயத்தின் இலக்கம், விலகிய திகதி, விலகியமைக்குரிய காரணம் என்பன அவற்றின் பத்திகள். விலகியமைக்குரிய காரணம் என்ற அந்த ஒரு பத்தியை மட்டும் நூறு தோட்டங்களிலிருந்து திரட்டினாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமானது. எமது துறையிற் சிறப்புக்கலை பயில்வோர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இவ்விடாப்புகளைத் தேடிப் பிரதி செய்து பல்கலைக்கழக நூலகத்திற் சேர்க்கலாம். அதிபரின் அனுமதியும் ஒரு கொப்பியும் இருந்தால் இப்பணியை அடுத்த விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.