கர்ப்பம் என்றார்கள், கட்டி என்றார் ஒருவர்

1809 டிசம்பர். அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு பண்ணைவீடு. ஜேன் டாட் க்ராஃபோர்டுக்கு வயது நாற்பத்தாறு. மாதக்கணக்காக வயிறு பெருத்துக்கொண்டே போனது. பார்த்த மருத்துவர்கள் கர்ப்பம் என்றுதான் நினைத்தார்கள். பேறு பார்க்க டான்வில்லிலிருந்து வந்த எஃப்ரைம் மெக்டவல் உள்பரிசோதனை செய்தார். கருப்பையில் பிள்ளை இல்லை, சினைப்பையில் கட்டி.

இப்படி ஒரு கட்டியை யாரும் எடுத்துப் பிழைக்க வைத்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் துணிந்துவிட்டார். குளிர்காலத்தில், டான்வில்லுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர், குதிரைமேல்! சேணத்தில் உரசி உரசி வயிற்றுத் தோல் கன்றிப்போயிருந்தது. ஈதர் மயக்கம் பகிரங்கமாக அறிமுகமானது 1846-இல்தான். ஆகவே மயக்க மருந்து இல்லாமலே கிறிஸ்துமஸ் அன்று வயிற்றைத் திறந்தார்கள். இருபத்தைந்து நிமிடம். கூழும் பையுமாகப் பத்துக் கிலோ. ஐந்தாம் நாள் மெக்டவல் போய்ப் பார்த்தபோது நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு 32 வருஷம் இருந்தார் என்பதால் அது புற்றுக் கட்டியாக இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

அறுவை சிகிச்சைக்காகத்தான் மெக்டவல் பெயர் நிலைத்தது. பெண்கள் வார்டில் நர்ஸாகக் காலம் தள்ளிய எனக்கு, மற்றவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கைவைத்துப் பார்த்தாரே, அதுதான் பெரிது. எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் கட்டி என்று சொல்லிக்கொண்டா வந்தார்கள்? “பாவாடை நாடா எட்டல சிஸ்டர், ஆனா கை காலெல்லாம் இளைச்சுட்டே போகுது”, “ரெண்டு வாய் தின்னா நெஞ்சு வரைக்கும் நிக்குது” என்பார்கள். அதற்கு முன்பே ஓமத்தண்ணீரும் கேஸ் மாத்திரையுமாகப் பல மாதம் ஓடியிருக்கும். ‘மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், சில சமயம் டாக்டரும்.

சினைப்பைப் புற்று முற்றும்வரை வெளியே தெரியாது என்றுதான் பாடப்புத்தகங்களும் நெடுங்காலம் சொல்லின. சியாட்டிலில் பார்பரா காஃப் என்ற மருத்துவர் நோயாளிகளையே விசாரித்து, 2004-இல் வேறு மாதிரி எழுதினார்: அறிகுறி இருக்கிறது, புதிதாக வருகிறது, அடிக்கடி வருகிறது. 2007-இல் அமெரிக்கப் புற்றுநோய் அமைப்புகள் கூடி நான்கைக் குறித்தன: வயிற்று உப்புசம், அடிவயிறு அல்லது வயிற்று வலி, சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுவது, அவசரமாகவோ அடிக்கடியோ சிறுநீர் வருவது. முன்பு இல்லாத இவை சில வாரங்களாக அநேகமாகத் தினமும் இருந்தால் மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணம்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தொந்தரவே இல்லாதவர்களுக்கும் சோதனை செய்து முன்கூட்டியே பிடிக்கலாமே என்று பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு: சாவு குறையவில்லை. ஆகவே அறிகுறியைத்தான் நம்பியிருக்கிறோம். மருத்துவரிடம் போனால் உள்பரிசோதனை, ஸ்கேன், சிஏ-125 ரத்தப் பரிசோதனை மூன்றையும் பற்றிக் கேளுங்கள். அம்மா, சித்தி, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்ப நிலையில் பாதிப் பேருக்கு சிஏ-125 ஏறியிருக்காது. ரத்த ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் உப்புசம் போகவில்லை என்றால் மறுபடி போங்கள்.